ஏசி இல்லாத காரை யார் வாங்குவார்?

கேட்டவர் எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான்: எங்கள் வீட்டில் நாலு பேர், இருப்பது ஒரு பைக். டச் ஸ்கிரீன், அலாய் வீல், பவர் விண்டோ எதுவும் எங்களுக்கு வேண்டாம். ஏசிகூட இல்லாமல் இரண்டரை லட்சத்துக்கு ஒரு காரை விட்டால் என்னைப் போன்றவர்கள் வரிசையில் நின்று வாங்குவோம், கம்பெனிகள் ஏன் அதைச் செய்வதில்லை? பார்க்கக் கம்பெனிகளைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. உள்ளே இருப்பது, சின்னக் கார் வாங்குகிறவருக்கு விலைதான் எல்லாம் என்கிற எண்ணம். அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நீங்கள் கேட்கிற காரைக் கம்பெனிகள் ஒரு தடவைக்கு மேல் செய்து பார்த்துவிட்டன.

நான் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் ஷோரூம் விற்பனையில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது பழைய கார் வாங்கி விற்கிறேன். அதனால் ஒரே காரை இரண்டு தடவை பார்க்க வாய்ப்பு: புதிதாக வாங்கும்போது ஆள் என்ன சொன்னார், ஏழெட்டு வருஷம் கழித்து விற்க வரும்போது என்ன சொல்கிறார் என்று. இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம்.

டாடா நானோவிலிருந்து தொடங்குவோம். 2008 ஜனவரியில் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது. பின்பக்கம் 624 சிசி இரண்டு சிலிண்டர் இன்ஜின், ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்று நட், பதினைந்து லிட்டர் டேங்க். ஸ்கூட்டரில் குடும்பமே நனைந்துகொண்டு போவதைப் பார்த்துத்தான் ரத்தன் டாடாவுக்கு இந்த யோசனை வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அதாவது உங்கள் வீட்டுக்காகவே செய்த கார். முன்பதிவு இரண்டு லட்சத்தைத் தாண்டியது, முதல் லட்சம் பேரைக் குலுக்கல் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். இதில் பலர் கவனிக்காமல் விட்ட ஒரு கணக்கு உண்டு. அப்படி முன்பதிவு செய்தவர்களில் ஏசி இல்லாத அடிப்படை மாடலைக் கேட்டவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். பாதிப் பேர் கேட்டது இருப்பதிலேயே விலை கூடிய எல்எக்ஸ் மாடல். ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று கேள்விப்பட்டு ஓடி வந்த கூட்டத்திலேயே பாதிக்கு ஒரு லட்ச ரூபாய்க் கார் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததும் தெரிந்ததுதான். நானோவுக்காகக் குஜராத்தில் எழுப்பிய சனந்த் தொழிற்சாலை வருஷத்துக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கட்டியது. மிக நன்றாக விற்ற 2011-12இல்கூட எண்ணிக்கை 75,000ஐத் தொடவில்லை. 2018 முடிவோடு உற்பத்தியே நின்றது. ஏன் என்பதில் எது உறுதி, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்தில் சிங்கூர் நிலப் போராட்டத்தால் தொழிற்சாலை இடம் மாறியது, வண்டி கைக்கு வரத் தாமதமானது, சில வண்டிகள் தீப்பிடித்த செய்தி பரவியது, இவை மூன்றும் உண்மை. ‘உலகத்திலேயே மலிவான கார்’ என்ற பெயரே அதைக் கொன்றது என்பது நாலாவது காரணம். மலிவு என்று முத்திரை விழுந்தது தவறு என்று ரத்தன் டாடாவே பின்னால் பொதுவில் சொன்னார். நாலில் எதன் பங்கு எவ்வளவு என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள், பிரித்துப் பார்க்க வழியில்லை. நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். நானோவில் பெட்ரோல் மூடி முன்பக்க பானட்டுக்குள் இருந்தது. பங்க்கில் நின்றால் ஓட்டுநர் இறங்கி வந்து பானட்டைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். பின்னால் நிற்கிற பைக்காரர் “என்ன சார், ரேடியேட்டருக்குத் தண்ணியா?” என்று கேட்பார். டிக்கிக் கதவு திறக்காது, பையை வைக்கப் பின்சீட்டை மடக்க வேண்டும். திறக்கிற டிக்கி 2015இல்தான் வந்தது. பணத்தை மிச்சம் பிடித்த இடமெல்லாம் நாலு பேர் பார்க்கிற இடமாக அமைந்துபோனது.

மாருதி 800ஐ எடுத்துக்கொண்டு எனக்கு மறுப்புச் சொல்லலாம். 1983 டிசம்பரில் ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் வந்த கார், 2014 வரை ஓடியதே என்று. சரிதான். ஆனால் அன்றைக்கு அம்பாசடரும் பத்மினியும் பழைய வண்டிகள். 800 விலையில் குறைந்தது, தொழில்நுட்பத்தில் புதியது. அதில் போய் இறங்கியவரை யாரும் பாவப்பட்டுப் பார்க்கவில்லை, பொறாமைப்பட்டார்கள்.

நானோவைவிடத் தெளிவான சாட்சி ஒன்று சென்னைக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் இருக்கிறது. 2015 செப்டம்பரில் ரெனோ க்விட் 2.56 லட்சத்தில் வந்தது. அடுத்த வருஷம் ஜூனில் டாட்சன் ரெடி-கோ 2.39 லட்சத்தில் வந்தது. இரண்டும் ஒரே தொழிற்சாலை, ஒரே அடித்தளம், ஒரே 800 சிசி இன்ஜின். விலை குறைந்ததுதான் ஜெயிக்கும் என்றால் ரெடி-கோ ஓடியிருக்க வேண்டும். ஓடியது க்விட். இரண்டு வருஷத்துக்குள் லட்சத்தைத் தாண்டியது. டாட்சன் என்ற பெயரே 2022இல் இந்தியாவை விட்டுப் போய்விட்டது. இத்தனைக்கும் க்விட் ஒன்றும் தாராளமாகச் செய்த கார் இல்லை. அதிலும் ஒரே வைப்பர், சக்கரத்துக்கு மூன்றே நட். ஆனால் நிமிர்ந்த முகம், பெரிய எஸ்யூவியின் சாயல், 180 மி.மீ. கிரவுண்ட் கிளியரன்ஸ், மேல் மாடலில் ஏழு இன்ச் ஸ்கிரீன். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வயிற்றைக் கட்டி, தெரிகிற இடத்தில் செலவழித்தார்கள். அதற்கு முன் 2014இல் வந்த டாட்சன் கோவில் நேர்மாறு: பாட்டுப் பெட்டிக்குப் பதில் உங்கள் போனையே செருகிக்கொள்ள ஒரு பிடி. ஷோரூமில் அதைக் காட்டும்போது வாடிக்கையாளர் முகம் போகிற போக்கு, காரின் விதியை அப்போதே சொல்லிவிடும்.

இதையெல்லாம் ‘பந்தா’ என்று சொல்லி ஒதுக்கிவிடாதீர்கள். கணக்குப் போட்டாலும் சின்னக் கார் வாங்குகிறவர் சரியாகத்தான் போடுகிறார். சின்னக் கார் வாங்குபவர்களில் பெரும்பாலோர் கடனில் வாங்குகிறார்கள். அவர்களுக்கு விலை என்பது கையில் கட்டுகிற முன்பணமும் மாதத் தவணையும்தான். 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்று வைத்துக்கொண்டால் லட்ச ரூபாய்க்கு மாதம் சுமார் 1,610 ரூபாய். ஏசி, பவர் ஸ்டீயரிங், பவர் விண்டோவை எல்லாம் கழற்றி 50,000 ரூபாய் மிச்சம் பிடித்தால் தவணையில் குறைவது மாதம் 800 ரூபாய். இந்த 800 ரூபாய்க்காக ஏழு வருஷம் சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, முன்னால் போகிற லாரியின் புகையைக் குடித்துக்கொண்டு போக எத்தனை பேர் தயார்? அதோடு முடிவதில்லை. விற்க வரும்போது என் யார்டில் முதல் கேள்வி “ஏசி நிக்குதா?” என்பதுதான். ஏசியே இல்லாத வண்டி மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும். புதிதில் மிச்சம் பிடித்த 50,000 பழையதில் அப்படியே போகும், சில சமயம் கூடவும் போகும். ஆக அவர் மிச்சம் பிடிக்கவே இல்லை, வியர்த்ததுதான் மிச்சம்.

ஏசி இல்லாமலும் விற்கிற கார் ஒன்று உண்டு, அதை மறைத்தால் நேர்மையாக இருக்காது. மாருதி ஈகோ. எந்த அலங்காரமும் கிடையாது, வருஷத்துக்கு லட்சத்துக்கு மேல் போகிறது. அதை வாங்குகிறவர் யார் என்று பாருங்கள்: பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவர், மளிகைச் சரக்கு எடுக்கிறவர், சமையல் கான்ட்ராக்டர். சம்பாதிக்கிற வண்டி என்றால் நம் ஆட்கள் வெறும் தகரத்தையும் மகிழ்ச்சியாக வாங்குவார்கள். குடும்பத்துக்கு என்று வரும்போது அதே மனிதர் வேறு ஆளாகிவிடுகிறார்.

குடும்பம் ஷோரூமுக்கு வந்தால் காரைச் சுற்றி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். அப்பா நேராக ஓட்டுநர் சீட்டில் ஏறி ஸ்டீயரிங்கைப் பிடிப்பார். பையன் ஸ்கிரீனை நோண்டுவான். கூட வந்த மச்சானோ தெரிந்த மெக்கானிக்கோ பானட்டைத் திறக்கச் சொல்லி, உள்ளே பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடுவார். அம்மா பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, கதவைச் சாத்தி, மறுபடி திறந்து சாத்துவார். அந்தச் சத்தம் ‘டப்’ என்று அடங்கி விழ வேண்டும். ‘டங்’ என்றால் “தகரமா இருக்கே” என்பார். விற்பனைக்குப் புதிதாக வந்த பையன்கள் அப்பாவிடம் பேசிக்கொண்டிருப்பார்கள். பேச வேண்டிய ஆள் பின்சீட்டில் இருக்கிறார்.

அதற்கும் மேல் ஒரு நீதிபதி உண்டு. திண்டுக்கல்லில் ஒரு குடும்பம் ஆல்டோவுக்கு முன்பணம் கட்டத் தயாராக வந்திருந்தது. மருமகள்தான், “ஒரு நிமிஷம் இருங்க, அத்தை ஏறி இறங்க முடியுதான்னு பார்த்துக்கலாம்” என்றார். அந்த அம்மாவுக்கு முட்டி வலி. கதவுச் சட்டத்தைப் பிடித்து, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்துச் சீட்டில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். எழத்தான் முடியவில்லை, இரண்டு பேர் கை கொடுத்தார்கள். பக்கத்தில் நின்ற வேகன்-ஆரில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்து, தானே எழுந்து வந்தார். “இதையே போட்ருங்க தம்பி” என்று மகன் சொல்லிவிட்டார், விலை லட்சத்துக்கு மேல் கூட என்று தெரிந்தும். சான்ட்ரோ 1998இலும் வேகன்-ஆர் 1999இலும் வந்தபோது டப்பா மாதிரி இருக்கிறது என்று சிரித்தவர்கள் உண்டு. 2021-22லிருந்து தொடர்ந்து சில நிதியாண்டுகள் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் வேகன்-ஆர் என்கிற அந்த டப்பாதான். சீட்டின் உயரம் விளம்பரத்தில் பெரிதாக வராது, யாரும் கேட்டுக்கொண்டும் வருவதில்லை, உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

கேட்டுக்கொண்டு வருவது ஒன்று உண்டு: “மைலேஜ் எவ்வளவு குடுக்கும்?” இந்தக் கேள்விக்கு அவ்வளவு மதிப்புக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆல்டோ கே10க்குச் சான்றிதழில் 24.39 கி.மீ.; ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் 17, 18 வந்தால் பெரிது. சின்னக் கார் வைத்திருப்பவர் பெரும்பாலும் மாதம் 500 கி.மீ. ஓட்டுவார், மற்ற நாளெல்லாம் பைக்தான். லிட்டருக்கு 20க்குப் பதில் 22 கிடைத்தால் அவருக்கு மாதம் இரண்டேகால் லிட்டர், அதாவது 230 ரூபாய் சொச்சம் மிச்சம். அதற்காக யாரும் காரை மாற்றுவதில்லை. தினமும் நூறு கி.மீ. ஓட்டுகிறவர் மைலேஜ் கேட்பதில் அர்த்தம் உண்டு, அவர் இப்போது சிஎன்ஜி பக்கம் போய்விட்டார். மற்றவர் கேட்பதன் உள்ளர்த்தம், ‘இது என் மாதச் சம்பளத்துக்கு வேட்டு வைக்குமா, வைக்காதா’ என்பதுதான்.

அந்தப் பயத்தைத்தான் இந்த விஷயத்தின் மையமாக நான் நினைக்கிறேன். பெரிய கார் வாங்குபவருக்கு அது தவறிப்போனால் மனக்கஷ்டம். சின்னக் கார் வாங்குபவருக்கு வீட்டை விட்டால் வாழ்க்கையில் செய்யும் பெரிய செலவு இதுதான், தவறிப்போனால் எழ முடியாது. அதனால் அவர் தேடுவது கையை மீறாத கார். அது குறைந்த விலைக் காராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேடசந்தூர் தாண்டி நடுரோட்டில் நின்றால் பக்கத்து மெக்கானிக்குக்கு இதைப் பிரிக்கத் தெரியுமா? கிளட்ச் பிளேட் ஒட்டன்சத்திரத்தில் கிடைக்குமா, சென்னைக்கு ஆர்டர் போட்டு வாரம் பத்து நாள் காத்திருக்க வேண்டுமா? மகள் கல்யாணத்துக்கு அவசரமாக விற்றால் இரண்டு நாளில் காசு கையில் வருமா? ஆல்டோ பல வருஷம் நாட்டிலேயே அதிகம் விற்ற காராக இருந்ததற்கு, அதன் அழகோ வேகமோ காரணம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த மூன்று கேள்விக்கும் அதனிடம் பதில் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இங்கே விற்பனையை நிறுத்தியபோது செவ்ரோலெ பீட் வைத்திருந்தவர்களும், 2021இல் ஃபோர்டு அறிவித்தபோது ஃபிகோ வைத்திருந்தவர்களும் என்னிடம் வந்து நின்ற நிலை எனக்குத் தெரியும். வண்டி முதல் நாள் எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடிக்கொண்டிருந்தது. மதிப்பு மட்டும் ஒரே அறிவிப்பில் இறங்கிவிட்டது. அதைப் பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவர் அடுத்த கார் வாங்கும்போது மாருதி, ஹூண்டாய் தாண்டி யோசிக்கத் தயங்குவார். இதை மூட விசுவாசம் என்று கேலி செய்கிறவர்கள், கையில் இரண்டாவது காருக்குக் காசு இருப்பவர்கள்.

பாதுகாப்பு விஷயத்தில்தான் எனக்கு உறுதி இல்லை. 2014இல் குளோபல் என்கேப் என்ற பாதுகாப்புச் சோதனை அமைப்பு ஆல்டோ 800, நானோ உள்ளிட்ட சின்னக் கார்களை மோதவைத்துச் சோதித்துப் பூஜ்ஜியம் கொடுத்தது. ஆல்டோ விற்பனை அதனால் படுத்துவிடவில்லை. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் ஐந்து ஸ்டார் வாங்கிய பிறகு “எத்தனை ஸ்டார்?” என்ற கேள்வி எங்கள் ஊர் ஷோரூம்வரை வந்துவிட்டது. ஆனால் கேட்பது வேறு, அதற்காக முப்பதாயிரம் கூடக் கொடுப்பது வேறு. சட்டம் வந்து கையைப் பிடிக்காமல், சின்னக் காரில் ஏர்பேக்கைத் தானாகத் தேடி வாங்கியவர்கள் எனக்குத் தெரிந்து குறைவு. 2025 மார்ச்சில் ஆல்டோ கே10க்கே ஆறு ஏர்பேக் வந்தபோது விலை ஏறியது, முணுமுணுத்தார்கள், வாங்கினார்கள். இன்னும் பத்து வருஷத்தில் ஏசி மாதிரி இதுவும் இல்லாவிட்டால் தொட மாட்டோம் என்ற நிலை வரலாம். வராமலும் போகலாம்.

என் பார்வையின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். ஷோரூம் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர்களைத்தான் எனக்குத் தெரியும். விலையைக் கேட்டே பயந்து பைக்கோடு நின்றுவிட்டவர்கள் என் கண்ணில் பட்டதே இல்லை. உங்களைப் போல, மழை தலையில் விழாமல் இருந்தால் போதும் என்று உண்மையாகவே நினைக்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய இருக்கலாம். அவர்களுக்குக் கதவு குறுகியதும் நிஜம். பிஎஸ்6 புகை விதி, ஏபிஎஸ் பிரேக், ஏர்பேக், சேர்த்துக் கட்டும் மூன்று வருஷக் காப்பீடு என்று ஒவ்வொன்றாக வந்து, சம்பளம் ஏறிய வேகத்தைவிடச் சின்னக் காரின் விலை வேகமாக ஏறிவிட்டது. ஒரு காலத்தில் விற்கிற கார்களில் பாதிக்கு அருகில் இருந்த ஹேட்ச்பேக்குகளின் (டிக்கி தனியாக நீளாத சின்னக் கார்கள்) பங்கு இன்று மூன்றில் ஒன்றுக்கும் கீழே. 2025 செப்டம்பர் 22இல் ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததும் ஆல்டோ கே10 ஷோரூம் விலை 3.70 லட்சம் அளவுக்கு இறங்கியது பெரிய விஷயம்தான். ஆனால் நம் மாநிலத்தில் 5 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 12 சதவீதம். அதையும் காப்பீட்டையும் சேர்த்தால் வண்டி வீட்டுக்கு வரும்போது நாலரை லட்சத்தைத் தொட்டுவிடும். சட்டம் கேட்கிற ஏர்பேக்கையும் மற்றதையும் வைத்துக்கொண்டு இரண்டரை லட்சத்துக்குக் காரைக் கொண்டுவர, கழற்ற வேண்டியது ஏசி மட்டுமாக இருக்காது.

இரண்டரை லட்சத்தை ஒட்டி உங்களுக்கு உண்மையான போட்டி, சில வருஷம் ஓடிய வேகன்-ஆரோ ஐ10-ஓ. ஏசி உண்டு, பெரியவர்கள் ஏறி இறங்கலாம். புதிய மொட்டைக் கார் தோற்பது பெரும்பாலும் இதனிடம்தான். ஆனால் கடன் வாங்குவதாக இருந்தால் முதலில் பேப்பரும் பேனாவும் எடுங்கள். பழைய காருக்கு வட்டி அதிகம், தவணைக் காலம் குறைவு. உதாரணத்துக்கு, 3 லட்சம் கடனை 14 சதவீதத்தில் நாலு வருஷம் கட்டினால் மாதம் சுமார் 8,200. ஆல்டோவைவிடக் கொஞ்சம் பெரிய புதிய காருக்கு 5 லட்சம் கடனை 9 சதவீதத்தில் ஏழு வருஷம் கட்டினால் சுமார் 8,050. மாதத் தவணை ஒன்றுதான், ஆனால் பழையது மூன்று வருஷம் முன்னதாக முடியும், மொத்த வட்டியும் பாதிக்கு அருகில்தான் வரும். எது சரி என்பது உங்கள் வருமானம் அடுத்த ஏழு வருஷம் எவ்வளவு நிச்சயம் என்பதைப் பொறுத்தது.

எதை எடுத்தாலும் டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். நாலு பேரும் போங்கள், மதியம் ஒரு மணிக்குப் போங்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு பாலத்தில் ஏற்றி, நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்துப் பாருங்கள். இறங்கி வந்ததும் பின்சீட்டில் உட்கார்ந்தவர்களிடம் முதலில் கேளுங்கள். பழைய கார் என்றால் ஆர்சியில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காசு கொடுப்பதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். விற்கிறவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.